22 டிகிரியில் ஒரு கிண்ணம்: ஒரே பலகையிலிருந்து ஒரு பாத்திரம் எழுந்து நிற்கும் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். கேட்கும்போது சரியாக இருந்து, படிக்கும்போது இடறிய இடங்களை மட்டும் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. சின்ன வயசுல ஸ்கூல் டூர் போறப்போ ஒரு மடக்கு டம்ளர் கொண்டு போயிருக்கீங்களா? பிளாஸ்டிக்ல, வட்டமா, ஒரு டப்பா மூடி மாதிரி தட்டையா இருக்கும். மேல் விளிம்பைப் பிடிச்சு இழுத்தா, ஒவ்வொரு வளையமா எழும்பி டம்ளரா நிக்கும். தண்ணி குடிச்சிட்டு ஒரு அமுக்கு. மறுபடியும் தட்டை.

அந்த டம்ளரை மனசுல வெச்சுக்கோங்க. இன்னைக்குப் பேசப்போறது அதையே மரத்துல செய்யறதைப் பத்தி. 20 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு தட்டைப் பலகை. அதுலேர்ந்து 100 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு கிண்ணம். கடைசல் இயந்திரம் கிடையாது, குடைஞ்சு எடுக்கற வேலை கிடையாது. ஸ்க்ரோல் சா-ங்கற ஒரு சின்ன ரம்பம் போதும்.

பேரைக் கேட்டதும் என் ஃப்ரெண்ட் ஒருத்தி, "நீ ஏற்கெனவே நாள் முழுக்க ஸ்க்ரோல்தானே பண்ற"ன்னா. [சிரிப்பு] உண்மைதான். ஆனா இந்த ஸ்க்ரோல்ல கொஞ்சம் அசந்தா விரல் போயிடும்.

எங்க ஏரியாவும் எங்க அப்பாவும்

நான் வளர்ந்தது அரியமங்கலம். திருச்சியில இருக்கறவங்ககிட்ட இந்தப் பேரைச் சொன்னா முதல்ல ஞாபகம் வர்றது குப்பைக் கிடங்குதான். கிட்டத்தட்ட 47 ஏக்கர். மாநகராட்சிக் குப்பை பல வருஷமா மலை மாதிரி குவிஞ்ச இடம். வெயில் காலத்துல அது பத்திக்கிட்டா புகை தஞ்சாவூர் ரோடு வரைக்கும் வரும். ஜன்னலைச் சாத்திட்டு உக்காந்திருப்போம். அப்புறம்தான் பழைய குப்பையைத் தோண்டிச் சலிச்சு, வகை வகையாப் பிரிக்கற பயோமைனிங் வேலை வந்துச்சு. அதனால எங்க ஏரியா பிள்ளைங்களுக்கு 'வீணாப் போறது'ங்கற வார்த்தை கொஞ்சம் வேற மாதிரி கேக்கும். வீணாப் போறது எங்கேயும் போயிடாது, பக்கத்துத் தெருவுலதான் இருக்கும்.

அரியமங்கலத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. தொழிற்பேட்டை, லேத் பட்டறைங்க, ஒரு பக்கம் சேஷசாயி பாலிடெக்னிக், கொஞ்சம் தள்ளி பொன்மலை ரயில்வே பணிமனை. எங்க அப்பா அந்த உலகத்து ஆளு. ஒரு ஃபவுண்டரிக்கு பேட்டர்ன் மேக்கரா இருந்தாரு. அப்படின்னா என்னன்னு கேப்பீங்க. இரும்பை உருக்கி வார்க்கணும்னா முதல்ல அந்தப் பொருளை மரத்துல செய்யணும். அந்த மர உருவத்தைச் சுத்தி ஈர மண்ணை இறுக்குவாங்க. அப்புறம் மரத்தை மெதுவா உருவிட்டா, மண்ணுல அந்த வடிவத்துக்குப் பள்ளம் இருக்கும். அதுல உருக்கின இரும்பை ஊத்தணும்.

அப்பாவோட ஸ்கேல் ஒண்ணு வீட்டுல உண்டு. ஏழாம் வகுப்புல அதை ஜியோமெட்ரி டெஸ்டுக்கு எடுத்துட்டுப் போய், வரைஞ்ச அத்தனை கோடும் தப்பாகி மார்க் போச்சு. அழுதுட்டே வந்து கேட்டா அப்பா சொல்றாரு: "அது பொய் சொல்ற ஸ்கேல்மா." அது சுருக்க அளவுகோல். வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு எட்டுல ஒரு அங்குலம் சுருங்கும். அதனால அந்த ஸ்கேல்ல ஒரு அடின்னு போட்டிருக்கறது நிஜத்துல 12 அங்குலமும் கூட எட்டுல ஒரு பங்கும். சுருங்கப் போறதை முன்கூட்டியே கணக்குல சேத்துடறாங்க. இந்த விஷயம் எபிசோடோட கடைசில திரும்ப வரும்.

அப்பா வேலை பார்த்த இடத்துல மர பேட்டர்ன் ஒவ்வொண்ணா நின்னுச்சு. கம்ப்யூட்டர்ல வரைஞ்சு மெஷின்ல வெட்டற காலம் வந்துடுச்சு. கடைசி நாள் வீட்டுக்கு வந்தப்போ சைக்கிள் கேரியர்ல ஒரு தேக்குப் பலகை. அதுக்கப்புறம் எட்டு வருஷம் அது பரண்ல கிடந்துச்சு. அம்மா ரெண்டு தடவை விறகுக்குக் கேட்டாங்க, ஒரு தடவை ஷெல்ஃபுக்குக் கேட்டாங்க. அப்பா கொடுக்கல. என்ன செய்யப் போறாருன்னும் சொல்லல.

கிண்ணம் எங்கேர்ந்து வருது?

சரி, விஷயத்துக்கு வருவோம். மரக் கிண்ணம் நமக்குப் புதுசில்ல. பழைய அடுப்படிகள்ல புளி, உப்பு, ஊறுகாய் வைக்க 'மரவை'ன்னு ஒண்ணு இருக்கும். புளிப்பும் உப்பும் உலோகத்தை அரிக்கும், மரத்தை ஒண்ணும் பண்ணாது. அதான் காரணம்.

மரக் கிண்ணம் செய்ய ரெண்டு பழைய வழி. ஒண்ணு, உளியால குடையறது. இன்னொண்ணு, கடைசல் பிடிக்கறது. மரக்கட்டையைச் சுழல விட்டு உளியை வெச்சு செதுக்கி எடுக்கறது. கர்நாடகாவுல சன்னபட்டணா பொம்மைங்க அப்படித்தான் வருது.

ரெண்டு வழியிலும் ஒரு பிரச்சினை. 200 மில்லிமீட்டர் அகலம், 100 மில்லிமீட்டர் உயரத்துல ஒரு கிண்ணம் வேணும்னா அந்த அளவுக்கு ஒரு முழுக் கட்டை வேணும். அதாவது 200-க்கு 200-க்கு 100. கணக்குப் போட்டா 4,000 கன சென்டிமீட்டர். அதுல பெரும்பகுதி சுருளா, தூளா தரையில விழும். மிஞ்சறது ஒரு மெல்லிய சுவர் மட்டும்.

ஸ்க்ரோல் சா முறையில அதே அளவு கிண்ணத்துக்கு 200-க்கு 200-க்கு 20 பலகை போதும். 800 கன சென்டிமீட்டர். அஞ்சுல ஒரு பங்கு. இந்தக் கணக்கைப் பார்த்த அன்னைக்குத்தான் நான் மாட்டினேன். அரியமங்கலத்துப் பொண்ணுக்கு இதை விட வேற என்ன சொல்லணும்?

இந்த முறையைப் பரவலாக் கொண்டு போனவங்கள்ல முக்கியமானவர் கரோல் ராத்மன்-ங்கற அமெரிக்கப் பெண்மணி. ஸ்க்ரோல் சா கிண்ணங்களுக்குன்னே 2010-ல் ஒரு புத்தகம் போட்டாங்க. அந்த ரம்பம் அதை விட ரொம்பப் பழசு. மெல்லிய பிளேடை ஒரு சட்டத்துல இழுத்துக் கட்டி, வளைவு வளைவா மரத்தை அறுக்கற கைரம்பம் நூற்றாண்டுகளா இருக்கு. மைசூர் ரோஸ்வுட் இன்லே வேலை பார்த்திருப்பீங்க, யானையும் தென்னை மரமும் வேற வேற நிற மரத்துண்டுகள்ல பதிச்சிருக்கும். அந்தத் துண்டுகளை அறுக்கறதும் அந்த மாதிரி ரம்பத்துலதான். 19-ம் நூற்றாண்டுல அதுக்குக் கால் மிதி வெச்சாங்க, அப்புறம் மோட்டார் வந்துச்சு. நம்ம வீட்டுத் தையல் மிஷின் மாதிரி நினைச்சுக்கோங்க. ஊசிக்குப் பதில் பிளேடு மேலும் கீழும் போகும், துணிக்குப் பதில் பலகையை நாம திருப்பணும்.

சாய்வுதான் ரகசியம்

இப்ப கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, பத்தாம் வகுப்பு கணக்குதான்.

ஒரு பலகையில, ஒண்ணுக்குள்ள ஒண்ணா வட்டங்கள் வரையறோம். ரம்பத்தை நேரா வெச்சு அறுத்தா என்ன கிடைக்கும்? வளையல் மாதிரி வளையங்கள். ஒண்ணை ஒண்ணு மேல வெச்சா உள்ளே விழுந்துடும். உக்காராது.

இப்ப ரம்பத்தோட மேசையைச் சாய்ச்சு அறுங்க. ஒவ்வொரு வளையமும் மேல அகலமா, கீழே குறுகலா வரும். புனல் மாதிரி. சாய்வு சரியா இருந்தா, வெளி வளையத்தோட அடிப்பக்கம் எவ்வளவு அகலமோ, அடுத்த உள் வளையத்தோட மேல்பக்கமும் அதே அகலம். ஒண்ணு மேல ஒண்ணு கச்சிதமா உக்காரும். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தைப் பாருங்க. 13 நிலை, ஒவ்வொரு நிலையும் அதுக்குக் கீழே இருக்கறதை விடச் சின்னது. அதைத் தலைகீழாக் கவுத்தா நம்ம கிண்ணம்.

'சரியான சாய்வு' எவ்வளவு? வளையத்தோட அகலத்தை, பலகையோட கனத்தால வகுங்க. அதுதான் டேன் தீட்டா. அகலம் 8 மில்லிமீட்டர், கனம் 20. எட்டை இருபதால வகுத்தா 0.4. போன்ல கால்குலேட்டரைத் திறந்து அதுக்கு டேன் இன்வர்ஸ் அடிங்க. கிட்டத்தட்ட 22 டிகிரி.

பலகை 18 மில்லிமீட்டர்தான் இருக்குன்னா 24 டிகிரி. 25 மில்லிமீட்டர் இருந்தா 18 டிகிரிக்குப் பக்கத்துல. கனம் கூடக் கூட சாய்வு குறையும், கிண்ணத்தோட சுவர் செங்குத்தா நிக்கும். கனம் குறைஞ்சா கிண்ணம் தட்டு மாதிரி விரியும்.

சாய்வு தப்பினா என்ன ஆகும்? வளையங்கள் உக்காரும், ஆனா ஒவ்வொரு இணைப்புலயும் படி படியாத் தெரியும். ஒண்ணு ரெண்டு டிகிரின்னா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுச் சரி பண்ணலாம். ஏழெட்டு டிகிரின்னா தேய்ச்சே சுவர் காணாமப் போயிடும்.

இதை நான் பெருமையா அப்பாகிட்ட விளக்கினேன். பேப்பர்ல படம் போட்டு, டேன் எல்லாம் எழுதி. அவர் பொறுமையாக் கேட்டுட்டு, "இது டிராஃப்ட் தானம்மா"ன்னாரு. பேட்டர்ன்ல பக்கவாட்டுச் சுவருக்கு எப்பவும் ஒரு சரிவு கொடுப்பாங்களாம், ஒண்ணு ரெண்டு டிகிரி. அது இல்லன்னா மண்ணுல இருந்து மரத்தை உருவும்போது மண் இடிஞ்சு விழும். "முப்பது வருஷம் நான் சரிவு வெச்சது பொருள் வெளிய வர்றதுக்கு. நீ வெக்கறது பொருள் மேல ஏறி நிக்கறதுக்கு." அவ்வளவுதான் சொன்னாரு. ஆனா அன்னைக்கு ராத்திரி சாப்பிட்ட பிறகு, அவரே அந்தப் பேப்பரை எடுத்துத் திரும்பப் பார்த்துட்டு இருந்தாரு.

செய்முறை: படிப்படியா

சரி, பலகை ரெடி. 200 மில்லிமீட்டர் சதுரம், 20 கனம். மையம் குறிச்சு காம்பஸ்ல வட்டங்கள்: 100 ஆரம், 92, 84, 76, 68. அதாவது நாலு வளையம், நடுவுல ஒரு வட்டம். அந்த நடு வட்டம்தான் அடி. நாலும் ஒண்ணும் அஞ்சு. அஞ்சு இருபது நூறு. உயரம் வந்துடுச்சா?

ஒரு முக்கியமான வேலை இங்கேயே: பலகையோட ஒரு ஓரத்துலேர்ந்து எதிர் ஓரம் வரைக்கும், எல்லா வளையத்தையும் தொடற மாதிரி ஒரு நேர்கோடு போடுங்க, ரேகை ஓடற திசையில. இதை மறந்தா என்ன ஆகும்னு பின்னாடி சொல்றேன். அது என் அழுகைக் கதை.

முதல்ல வெளி வட்டம். மேசையை இடப்பக்கம் 22 டிகிரி சாய்ச்சு அறுக்கணும். விதி ஒண்ணுதான்: மேசை இடப்பக்கம் சாய்ஞ்சிருந்தா, கிண்ணத்தோட மையம் எப்பவும் பிளேடுக்கு இடப்பக்கம் இருக்கணும். நடுவுல திசை மாத்தினா சாய்வு தலைகீழாயிடும், மேல குறுகி கீழே விரியும். பலகை போச்சு.

அடுத்தது உள் வட்டங்கள். வெளியிலேர்ந்து வெட்டிட்டு உள்ளே போகக் கூடாது, வளையம் உடைஞ்சுடும். அதனால கோட்டு மேலேயே ஒரு சின்னத் துளை போட்டு, பிளேடை அதுக்குள்ள விட்டு, மறுபடியும் மாட்டி அறுக்கணும். துளையும் அதே 22 டிகிரி சாய்வுல, மையத்தைப் பார்த்து இறங்கணும். நேராப் போட்டா பிளேடு நுழையாது, இல்லன்னா சுவர்ல ஓட்டை விழும். கையால சாய்வு பிடிக்க முடியாது. ஒரு தந்திரம்: மேசை சாய்ஞ்சு இருக்கும்போதே ஒரு மரத்துண்டை அறுத்து வெச்சுக்கோங்க. அதோட சாய்ஞ்ச முகத்துல ட்ரில் பிட்டை அணைச்சு இறக்கினா அதே கோணம்.

பிளேடு வாங்கும்போது கவனம். முனையில குறுக்கு ஊசி வெச்ச பிளேடு ஒரு வகை, வெறும் முனை ஒரு வகை. குறுக்கு ஊசி இருக்கறது சின்னத் துளைக்குள்ள போகாது. இந்த வேலைக்கு வெறும் முனை பிளேடு மாட்டற மெஷின்தான் வேணும். மெஷின் வாங்கின பிறகு இதைக் கத்துக்கிட்டவ நான்.

அறுக்கும்போது அவசரம் கூடாது. 20 மில்லிமீட்டர் கனத்தைச் சாய்வா அறுக்கும்போது பிளேடு தாண்டற தூரம் இன்னும் அதிகம். பலகையைத் தள்ளினா பிளேடு பின்னால வளையும், கோடு மேல சரியாப் போயிட்டிருந்தாலும் அடியில வேற வழியில போயிருக்கும். புகை வாசனை வந்தா பிளேடை மாத்துங்க. விரல் ரெண்டும் பிளேடுக்கு நேர் முன்னாடி வரவே கூடாது. தளர்வான துப்பட்டா, கயிறு தொங்கற ஹுடி, ரெண்டும் வேண்டாம்.

அறுத்து முடிச்சதும் உள் துண்டை மேலே தூக்கினா அழகா வந்துடும். கீழே விழாது, ஏன்னா மேல அகலம். நாலு வளையம், ஒரு அடி. மேசை மேல பரப்பி வெச்சா தட்டைப் பலகைதான். அடியில இருந்து ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குங்க. அந்த ஒரு நிமிஷத்துக்காகவே இதைச் செய்யலாம். மடக்கு டம்ளர் எழுந்து நிக்கும்.

ஒட்டறதுக்குத் தண்ணி தாங்கற வகை வெள்ளைப் பசை. முதல்ல நாலு வளையத்தை மட்டும் ஒட்டுங்க, அடியை விட்டுடுங்க. ரெண்டு பக்கமும் பிளைவுட் வெச்சு கிளாம்பு போடுங்க. கிளாம்பு இல்லையா, மேல அம்மிக்கல்லை வெச்சுடுங்க. எங்க வீட்டுல அம்மி அரைக்கறதை நிறுத்திப் பல வருஷம் ஆச்சு, இப்ப அதுக்கு மறுபடியும் வேலை வந்துடுச்சு. காய்ஞ்சதும், அடி இல்லாததால உள்பக்கம் முழுக்கக் கை போகும். 80-ம் நம்பர் உப்புத்தாள்ல ஆரம்பிச்சு, 120, 180, 240. உள்ளே வழவழன்னு ஆன பிறகு அடியை ஒட்டுங்க. கடைசியா வெளிப்பக்கம்.

அப்புறம் கடைசல்ல வராத ஒரு சௌகரியம் இதுல உண்டு. சுழல்ற இயந்திரத்துல வட்டம் மட்டும்தான் வரும். இதுல ரம்பம் போற வழியெல்லாம் வடிவம். எட்டு இதழ் தாமரை வேணுமா, முட்டை வடிவம் வேணுமா, வரைஞ்சா போதும். இதழுக்கு நடுவுல வர்ற மடிப்பை மட்டும் கூர்மையா விடாம கொஞ்சம் வளைச்சு விடுங்க. உப்புத்தாள் அங்கே நுழையணும் இல்ல?

தூளைப் பத்தி ஒரு நிமிஷம், சீரியஸா

இதை யாரும் ஸ்கிப் பண்ணாதீங்க. மரத்தூள் இயற்கையான பொருள்தானேன்னு நினைப்போம். உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-லயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கற பொருள்னு முதல் பிரிவுல சேத்துடுச்சு. வருஷக்கணக்கா மரத்தூளைச் சுவாசிக்கற தொழிலாளர்களுக்கு மூக்குக்குள்ள வர்ற புற்றுநோயைத்தான் முக்கியமாச் சொல்றாங்க. கண்ணுக்குத் தெரியற சுருள் பரவாயில்ல. கண்ணுக்குத் தெரியாம மிதக்கற நைஸ் தூள்தான் ஆபத்து, அது அதிகமா வர்றது உப்புத்தாள் போடும்போது.

அதனால என்95 மாஸ்க் கண்டிப்பா. துணி மாஸ்க் போதாது. மாடியில, காத்தோட்டத்துல செய்யுங்க. ஏசி ரூம்ல, படுக்கற ரூம்ல வேண்டவே வேண்டாம். எங்க அப்பா முப்பது வருஷம் கர்சீப் கட்டிட்டு வேலை பார்த்தவர். இப்பவும் காலையில எழுந்ததும் அந்த இருமல் கேக்கும். சின்ன வயசுல அதைக் குப்பைமேட்டுப் புகைன்னு நினைச்சிட்டு இருந்தேன். எதனாலன்னு இன்னைக்கு யார் பிரிச்சுச் சொல்ல முடியும்? என் மாஸ்க் பாக்கெட்டைப் பார்த்துட்டு அப்பா கேட்டது ஒண்ணுதான்: "இது அப்பவே இருந்துச்சாம்மா?"

எந்த மரம்?

திருச்சியில 'மரக்கடை'ன்னு ஒரு ஏரியாவே இருக்கு, காந்தி மார்க்கெட் பக்கம். பேரைச் சொன்னா அரசியல் பொதுக்கூட்டம் ஞாபகம் வரும், ஆனா பேருலேயே மரம் இருக்கு. மர டிப்போவுக்குப் போய், "எனக்கு ஒரு அடிப் பலகை வேணும்"னு கேட்டா சிரிப்பாங்க. பரவாயில்ல, "கழிவுத் துண்டு இருக்கா அண்ணே"ன்னு கேளுங்க. கதவு, ஜன்னல் செய்யற பட்டறையில கிடைக்கற மிச்சமே நமக்குத் தாராளம்.

பழகறதுக்குப் பேக்கிங் பெட்டி பைன் போதும். ஆணி இருக்கான்னு பார்த்துக்கோங்க. தேக்கு நல்ல மரம், கம்மியாத்தான் சுருங்கும், ஆனா எண்ணெய்ப் பசை உள்ள மரம். ஒட்டறதுக்கு முன்னாடி இணைப்பை ஸ்பிரிட்ல துடைச்சுடணும். வாகை, கருமையும் வெளுப்புமா அழகான மரம். பெரம்பலூர் மாவட்டத்துல, பச்சமலை அடிவாரத்துல அரும்பாவூர் இருக்கே, 2020-ல் புவிசார் குறியீடு வாங்கின மரச்சிற்ப ஊர், அங்க இந்த வாகையிலும் மாவுலயும் சாமி சிலை செய்யறாங்க. வேம்பு அலங்காரத்துக்குச் சரி, தின்பண்டம் வைக்கறதுக்கு வேண்டாம், கசப்பு.

எனக்குப் பிடிச்சது பூவரசு. ஆமா, சின்ன வயசுல இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதினோமே, அதே பூவரசு. காவிரிக் கரையோரம் எங்க பார்த்தாலும் நிக்கும். பல ஆயிரம் மைல் தள்ளி, பசிபிக் கடல்ல ஹவாய்த் தீவுகள்ல இதே மரத்துக்கு 'மீலோ'ன்னு பேரு. அந்த ஊர் மக்கள் சாப்பாட்டுக் கிண்ணம் செய்யத் தேடிப் பிடிச்ச மரங்கள்ல இது ஒண்ணு. காரணம், சாப்பாட்டுல மரத்தோட ருசி ஏறாது. நம்ம தெருவுல கரண்ட் கம்பிக்கு இடைஞ்சல்னு வெட்டிப் போடற கிளை, அங்கே சாப்பாட்டுப் பாத்திரம்.

நான் உடைச்ச கதை

நாலஞ்சு கிண்ணம் நல்லா வந்ததும் எனக்குத் தலைக்கனம் வந்துடுச்சு. தெரிஞ்சவங்க வீட்டுக் கல்யாணத்துக்கு 12 கிண்ணம் ஆர்டர். அட்வான்ஸும் வாங்கியாச்சு. வித்தியாசமா இருக்கட்டும்னு ரெண்டு வேலை பண்ணினேன். தேக்குல ஒரு செட், மாமரத்துல ஒரு செட் அறுத்து, வளையங்களை மாத்தி மாத்தி அடுக்கினேன், ஒண்ணு கருப்பு, ஒண்ணு வெளுப்பு. அது வரைக்கும் தப்பில்ல. கூடவே, ரேகை பின்னல் மாதிரி தெரியட்டும்னு ஒண்ணு விட்டு ஒண்ணு வளையத்தை 90 டிகிரி திருப்பி ஒட்டினேன். அந்த நேர்கோடு போடச் சொன்னேன் இல்ல? அது இருந்தும் அதை மதிக்கல.

கொடுத்தது ஏப்ரல் முதல் வாரம். கத்திரி வெயில் வந்துச்சு. மே மாசம் போன் வந்துச்சு. பன்னெண்டுல ஏழு வெடிச்சிருச்சு. சிலதுல இணைப்பு விட்டுருச்சு, சிலதுல வளையமே பிளந்துருச்சு. முழுப் பணமும் திருப்பிக் கொடுத்தேன். அவங்க ஒண்ணும் சொல்லல. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

உடைஞ்ச ஏழையும் தரையில வெச்சுட்டு உக்காந்திருந்தேன். அப்பா வந்து ஒண்ணைக் கையில எடுத்தாரு. "சுருக்கத்தைக் கணக்குல சேக்கலையே"ன்னாரு. பொய் சொல்ற ஸ்கேல் ஞாபகம் வந்துச்சு.

விஷயம் இதுதான். மரம் வெட்டின பிறகும் ஈரத்தை உறிஞ்சும், விடும். ஈரம் போகும்போது சுருங்கும், ஆனா எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி சுருங்காது. ரேகை ஓடற நீளவாக்குல சுருக்கம் கிட்டத்தட்டக் கிடையாது. குறுக்குவாக்குல பல மடங்கு. ஒரே பலகையில அறுத்த வளையங்களை ரேகை மாறாம அடுக்கினா, எல்லாம் ஒரே திசையில ஒண்ணாச் சுருங்கும், ஒண்ணா விரியும். சண்டை இல்ல. நான் 90 டிகிரி திருப்பினதால, ஒரு வளையம் சுருங்கப் பாக்கற திசையில பக்கத்து வளையம் அசையவே மாட்டேங்குது. நடுவுல பசை. பசை தோத்தா இணைப்பு விடும், மரம் தோத்தா மரம் பிளக்கும். அதுக்கு மேல, நான் வாங்கின மாமரம் புதுசா அறுத்தது, சரியாக் காயல. தேக்கு காய்ஞ்சது. ரெண்டுக்கும் ரெண்டு வேகம்.

இதுக்குத் தீர்வு ரொம்பச் சுலபம். புதுப் பலகை வாங்கினா, கிச்சன் தராசுல எடை போட்டு மேலயே பென்சில்ல எழுதுங்க. வாரம் ஒரு தடவை எடை போடுங்க. எடை குறைஞ்சிட்டே வந்தா இன்னும் காயுதுன்னு அர்த்தம். மூணு நாலு வாரம் எடை நின்னுடுச்சுன்னா அறுக்கலாம். அவ்வளவுதான். இருநூறு ரூபா தராசு, என் பன்னெண்டு கிண்ணத்தைக் காப்பாத்தியிருக்கும்.

பூச்சும் பயன்பாடும்

அலங்காரத்துக்கு மட்டும்னா எந்த பாலீஷும் போடலாம். முறுக்கு, கடலை, பழம் வைக்கணும்னா, உணவுக்கு ஏத்த மினரல் ஆயிலும் தேன்மெழுகும் சேத்துத் தேய்க்கலாம். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்துல சிக்கு வாசனை வரும். அரக்கிலிருந்து செய்யற செல்லாக் நல்ல பளபளப்புக் கொடுக்கும், மாத்திரை, மிட்டாய் மேல பூசறதும் அதுதான். ஆனா சூடு ஆகாது. பொதுவாவே இந்தக் கிண்ணத்துல சூடான ரசம், குழம்பு ஊத்தாதீங்க. ஊற வைக்காதீங்க. கழுவினா உடனே துடைச்சுடுங்க. விக்கறதா இருந்தா இதை ஒரு சீட்டுல எழுதி உள்ளே போட்டுக் கொடுங்க. வாங்கறவங்களுக்குத் தெரியணும்.

கடைசியா, பரண் பலகை

போன ஆடி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, அப்பா பரண்ல இருந்து அந்தப் பலகையை இறக்கினாரு. தூசி தட்டிட்டு என் மேசை மேல வெச்சாரு. "எடை போட்டுப் பாரு"ன்னாரு. எட்டு வருஷம் பரண்ல காய்ஞ்ச தேக்கு. எடை நின்னு பல வருஷம் ஆயிருக்கும். இருந்தாலும் நாலு வாரம் போட்டேன்.

ஒரு பலகை, ஒரு கிண்ணம். தப்பினா வேற கிடையாது. வட்டத்தை அப்பா வரைஞ்சாரு, நான் அறுத்தேன். மூணாவது வளையத்துல பிளேடு உடைஞ்சுது, ரெண்டு பேரும் பேசல. புதுப் பிளேடு மாட்டித் தொடர்ந்தேன். ரேகைக் கோட்டை மட்டும் அவரே ஒவ்வொரு வளையமாச் சரி பார்த்தாரு.

இப்ப அது எங்க வீட்டு ஹால்ல இருக்கு. சாவி, அம்மாவோட ஹேர்பின், கரண்ட் பில், எல்லாம் அதுக்குள்ளதான். உத்துப் பார்த்தா ரெண்டாவது இணைப்புல தலைமுடி அளவுக்கு ஒரு படி தெரியும். அதைத் தேய்ச்சுடட்டுமான்னு கேட்டேன். "இருக்கட்டும்"னுட்டாரு.

நீங்க ஆரம்பிக்கணும்னா இந்த வாரம் மெஷின் வாங்க வேண்டாம். ஒரு பழைய அட்டைப் பெட்டியில வட்டங்கள் வரைஞ்சு, வெட்டி, சாய்வு எப்படி வேலை செய்யுதுன்னு கையால பாருங்க. பக்கத்துல தச்சுப் பட்டறை இருந்தா ஒரு டீ வாங்கிக் கொடுத்து மரத்தைப் பத்திக் கேளுங்க. பேட்டர்ன் மேக்கரா இருந்த யாராவது உங்க தெருவிலும் இருப்பாங்க. அவங்ககிட்ட அந்த ஸ்கேலைக் காட்டச் சொல்லுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். மாஸ்க் போட மறக்காதீங்க.